சர்ச் ஹால்: கோயிலுக்குள் ஆகாதவற்றின் வரலாறு

இங்கிலாந்தில் ஏதாவது ஒரு சிற்றூர்த் தேவாலயத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், பக்கத்திலோ எதிர்த் தெருவிலோ பெரும்பாலும் இன்னொரு கட்டடம் கண்ணில் படும். கோபுரம் கிடையாது, வண்ணக் கண்ணாடி கிடையாது. செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, கதவருகே ஓர் அறிவிப்புப் பலகை. திங்கள் காலை மழலையர் குழு, மாலை சாரணர். செவ்வாய் எடை குறைப்பவர்கள் சங்கம். புதன் முதியோருக்கு மதியச் சாப்பாடு. வியாழன் பேட்மிண்டன். வெள்ளி இரவு குடியை விட்டவர்கள் கூட்டம். சனிக்கிழமை யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள். இதுதான் பங்கு மண்டபம். பேச்சில் சர்ச் ஹால்.

பங்கு என்பது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள நிலப்பரப்பும் அதன் மக்களும். தமிழ்நாட்டு சி.எஸ்.ஐ. வழக்கில் சேகரம் என்பார்கள். அந்தப் பரப்பில் மிகப் பெரிய கட்டடம் தேவாலயம்தான். வாரத்தில் பெரும்பாலான நேரம் அது காலியாகவும் கிடக்கிறது. அப்படியிருக்க, பக்கத்திலேயே காசு செலவழித்து இரண்டாவதாக ஒரு கட்டடம் எதற்கு?

கோயிலுக்குள் எது ஆகும், எது ஆகாது என்று அந்தந்தக் காலம் ஒரு கோடு போட்டது. அந்தக் கோடு நகரும்போதெல்லாம் ஏதாவது ஒன்று வெளியே தள்ளப்பட்டது. தள்ளப்பட்டவை வந்து சேர்ந்த இடம்தான் ஹால். அதை மனத்தில் வைத்துக்கொண்டால், ஐந்நூறு ஆண்டு வரலாறு ஓரளவு ஒழுங்காகப் புரிகிறது.

பெஞ்சு வருவதற்கு முன்

இடைக்கால ஆங்கிலத் தேவாலயத்தை இன்றைய கண்ணால் பார்த்தால் ஏமாந்துபோவோம். வரிசை வரிசையாகப் பெஞ்சு இருந்திருக்கும் என்று நினைப்போம். நெடுங்காலம் அப்படி எதுவும் இல்லை. பீடம் இருக்கும் கிழக்குப் பகுதியைப் பராமரிப்பது குருமாரின் கடமை. மக்கள் நிற்கும் நடுக்கூடத்தைப் பழுதுபார்ப்பது ஊர்மக்களின் கடமை. இரண்டுக்கும் நடுவே மரத்தாலான ஒரு தடுப்பு. ஆக, நடுக்கூடம் ஒரு விதத்தில் ஊருக்குச் சொந்தமான கூடம். பூசை இல்லாத நேரத்தில் அங்கே கூட்டம் நடந்தது, வழக்கு பேசப்பட்டது, நாடகம் போடப்பட்டது, விருந்தும் நடந்தது.

விருந்துகளில் முக்கியமானது ‘சர்ச் ஏல்’. ஏல் என்பது பார்லி மால்ட்டில் காய்ச்சும் பீர் வகை. ஊர்க்காரர்களிடம் மால்ட்டை வாங்கியோ நன்கொடையாகப் பெற்றோ, கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் ஊர்ப் பிரதிநிதிகளான சர்ச் வார்டன்கள் பீர் காய்ச்சி விற்பார்கள். லாபம் கோயில் கணக்கில் சேரும். ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே வாரம் இதற்குப் பேர்போன காலம். மணி வாங்க, கூரை வேய, மெழுகுவத்திக்கு என்று பல செலவுகளுக்கும் இதுதான் முக்கிய வருமானம். கோயில் நிதிக்குக் கோயிலே சாராயம் விற்பதா என்று நமக்குத் தூக்கிவாரிப்போடலாம். ஆனால் அன்று ஏல் அன்றாட உணவின் ஒரு பகுதி. ஊரே கூடி உண்டு குடித்து, அந்த உபரியில் ஊர்ப் பொதுச்செலவைச் சமாளிப்பது யாருக்கும் தப்பாகப் படவில்லை.

டெவன் மாவட்டத்தில் மோர்பாத் என்று ஒரு சின்ன ஊர். முப்பது சொச்சம் குடும்பங்கள். 1520 முதல் 1574 வரை கிறிஸ்டோபர் ட்ரிக்கே என்ற குருவானவர் அங்கே இருந்தார். அவர் கைப்பட எழுதிய பங்குக் கணக்குகள் இன்றும் கிடைக்கின்றன. வார்டன்கள் நடத்தும் ஏல் ஒன்று, ஊர் இளவட்டங்கள் நடத்தும் ஏல் ஒன்று, இரண்டின் வரவும் வருடா வருடம் பதிவாகியிருக்கிறது. ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் புராட்டஸ்டன்ட் சீர்திருத்த அலை அடித்தபோது ஏல் நின்றது, வரவும் நின்றது. கத்தோலிக்கரான மேரி அரியணை ஏறியதும் திரும்ப வந்தது. அரசர் மாறுவதை ஒரு குக்கிராமத்தின் பீர்க் கணக்கில் பார்க்க முடிகிறது.

15-ஆம் நூற்றாண்டில் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக வந்தன. நடுக்கூடத்தில் நிலையான பெஞ்சுகள் பரவின, கூடுவதற்கான வெற்றிடம் குறைந்தது. திருத்தலத்துக்குள் குடியும் கூத்தும் வேண்டாம் என்ற மேலிடத்து நெருக்குதலும் கூடியது. ஊர் என்ன செய்தது? ஏலை விடவில்லை. கோயில் வளாகத்தின் ஓரத்தில் அதற்கென்றே ஒரு வீடு கட்டிக்கொண்டது. அதற்குப் பெயர் சர்ச் ஹவுஸ்.

ஏறக்குறைய 1450-க்கும் 1550-க்கும் இடையில், குறிப்பாக டெவன், சாமர்செட், கார்ன்வால் பகுதிகளில், இப்படிப்பட்ட வீடுகள் நிறைய எழுந்தன. அமைப்பு கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். நீளமான இரண்டு மாடிக் கட்டடம். கீழே பெரிய அடுப்பு, ரொட்டிச் சூளை, பீர் காய்ச்சும் இடம், பண்டபாத்திரங்கள். மேலே தடுப்பே இல்லாத ஒரே நீளக் கூடம். பல இடங்களில் மாடிக்கு வெளிப்பக்கமாகப் படிக்கட்டு. கீழே சமையல், மேலே பந்தி. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி.

சாமர்செட்டில் க்ரோக்கம் ஊரின் சர்ச் ஹவுஸ் 1515-ஐச் சேர்ந்தது. கார்ன்வாலில் பவுண்ட்ஸ்டாக்கின் கில்ட்ஹவுஸ், டெவனில் வைட்கம் ஊரின் சர்ச் ஹவுஸ் இரண்டும் அதே நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தவை. மூன்றும் இன்றும் நிற்கின்றன, ஊர்க்காரியத்துக்குப் பயன்படுகின்றன. டெவன் பக்கம் போகிறவர்கள் ‘சர்ச் ஹவுஸ் இன்’ என்ற பெயர்ப்பலகையோடு அடிக்கடி மதுக்கடைகளைப் பார்க்கலாம். தேவாலயத்துக்கு ஒட்டினாற்போல மதுக்கடையா என்று வேடிக்கையாகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவற்றில் பல ஒரு காலத்தில் சர்ச் ஹவுஸாக இருந்தவைதான். ஒரு கணக்கில், தொடங்கிய தொழிலையே இன்றும் செய்கின்றன.

ஒரு பட்டியலும் ஒரு சண்டையும்

இங்கிலாந்துத் திருச்சபை 1603-இல் வகுத்த சட்டவிதிகளில் 88-ஆவது விதியைப் படித்தால் சிரிப்பு வரும். நாடகம், விருந்து, இராச்சாப்பாடு, சர்ச் ஏல், குடிக்கூட்டம், வழக்குமன்றம், படைவீரர் அணிவகுப்பு, இவை எதையும் கோயிலுக்குள்ளோ கல்லறை வளாகத்திலோ நடக்க விடக் கூடாது என்று வார்டன்களுக்கு அது உத்தரவிடுகிறது. தடை செய்ய வேண்டிய அளவுக்கு இத்தனையும் அதுவரை அங்கே நடந்துகொண்டிருந்தன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இடம் மாறினால் போதும் என்பது ஒரு தரப்பு. ஏலே கூடாது என்பது கடும் சீர்திருத்தவாதிகளான பியூரிட்டன்களின் தரப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்பாட்டம் குறித்த இந்தத் தகராறு அரண்மனை வரை போனது. ஞாயிறு வழிபாடு முடிந்ததும் மக்கள் ஆடலாம், வில்வித்தை பழகலாம், ஏல் விருந்து வைக்கலாம் என்று முதலாம் ஜேம்ஸ் அறிவித்தார். 1630-களின் தொடக்கத்தில் சாமர்செட்டுக்கு விசாரணைக்கு வந்த தலைமை நீதிபதி ரிச்சர்ட்சன், ஏல் விருந்துகளுக்குத் தடை போட்டார். திருச்சபை விவகாரத்தில் நீதிபதிக்கு என்ன வேலை என்று ஆர்ச்பிஷப் லாடுக்குக் கோபம். உள்ளூர் பிஷப் பியர்ஸ் தன் பகுதியின் 72 குருமாரிடம் கருத்துக் கேட்டு அறிக்கை அனுப்பினார். ஏல்களால் கோயில் பழுதுபார்க்கப்படுகிறது, ஏழைகளுக்கு உதவி கிடைக்கிறது, அக்கம்பக்கத்துப் பகை தீர்கிறது என்பது அதன் சாரம். ரிச்சர்ட்சன் அரசவையில் கண்டனம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். பிஷப் அணியும் வெள்ளை அங்கியின் கைத்துணியால் கிட்டத்தட்ட மூச்சடைத்துப் போனேன் என்று அவர் சொன்னதாகக் கதை. முதலாம் சார்லஸ் 1633-இல் தந்தையின் அறிவிப்பை மறுபடி வெளியிட்டார். பத்தே வருடத்தில், 1643-இல், நாடாளுமன்றம் அதைப் பொதுவெளியில் எரிக்கச் சொன்னது. உள்நாட்டுப் போர் அதற்குள் மூண்டிருந்தது.

ஏலைக் கொன்றது பியூரிட்டன்கள் மட்டும்தானா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1601-ஆம் ஆண்டு ஏழையர் சட்டம் ஒவ்வொரு பங்கும் தன் ஏழைகளுக்காக வரி வசூலிக்க வேண்டும் என்று நிலைப்படுத்தியது. 17-ஆம் நூற்றாண்டுப் பழம்பொருள் ஆர்வலர் ஜான் ஆப்ரி இதைத் தெளிவாகச் சொல்லிவைத்திருக்கிறார்: தன் தாத்தா காலத்தில் ஏழைவரி என்று ஒன்று கிடையாது, பெந்தெகொஸ்தே ஏல் அந்தக் காரியத்தைப் பார்த்துக்கொண்டது, ஒவ்வொரு பங்கிலும் சட்டி பானையோடு ஒரு சர்ச் ஹவுஸ் இருந்தது. விருந்து வைத்துத் திரட்டிய பணத்தை வரி போட்டே வாங்கலாம் என்றான பிறகு, பீர் காய்ச்ச யார் மெனக்கெடுவார்கள்?

வீடுகள் வேறு வேலைக்குப் போயின. க்ரோக்கமில் கீழ்த்தளம் ஏழைகளின் குடியிருப்பானது, மேல்தளம் பள்ளிக்கூடமானது. வேறு பல இடங்களிலும் இதே கதை. 1834-இல் ஏழையர் நிர்வாகம் பங்குகளின் கையைவிட்டு, பல பங்குகளைச் சேர்த்து அமைத்த ஒன்றியங்களுக்குப் போனதும், தேவையற்றுப்போன ஏழை வீடுகளைப் பங்குகள் விற்கத் தொடங்கின. நடுவில் இருநூறு ஆண்டுகளுக்குப் பெரும்பாலான ஊர்களில் ஹால் என்று சொல்ல எதுவும் இல்லை. பங்குக் கூட்டம் கோயிலின் ஓர் அறையில் கூடும், குளிரெடுத்தால் மதுக்கடைக்கு எழுந்துபோகும்.

விக்டோரியா காலத்து இரண்டாம் பிறவி

இன்று நாம் பார்க்கும் சர்ச் ஹால்களில் பெரும்பகுதி 1870-க்கும் 1914-க்கும் இடையில் கட்டியவை, அல்லது அக்கால மாதிரியைப் பின்பற்றியவை. காரணம் ஒன்றல்ல.

முதலாவது பள்ளி. 1780-இல் க்ளாஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைப் பிரபலமாக்கினார். 1811-இல் உருவான நேஷனல் சொசைட்டி, பங்குதோறும் திருச்சபைப் பள்ளிகளைக் கட்ட முனைந்தது. பள்ளிக்கு நிலம் கொடுப்பதை 1841-ஆம் ஆண்டுச் சட்டம் எளிதாக்கியது. ஓர் ஏக்கர் வரை நிலக்கிழார் எழுதிக்கொடுக்கலாம், பள்ளி நின்றுபோனால் நிலம் அவருடைய சொத்தோடு திரும்பச் சேரும். பகலில் பள்ளியாக இருந்த அந்த அறைதான் மாலையில் ஊர்க்கூடம். 1870-க்குப் பிறகு வரிப்பணத்தில் வாரியப் பள்ளிகள் வந்தபோது சில திருச்சபைப் பள்ளிகள் மூடின, அடுத்த நூற்றாண்டில் இன்னும் பல மூடின. கட்டடம் ஹாலாக நின்றது. அப்புறம்தான் வினை தொடங்கியது. தாத்தாவுக்குத் தாத்தா கொடுத்த நிலம் இப்போது யாருடையது என்று வாரிசுகளைத் தேடும் வழக்குகள் பெருகி, 1987-இல் அதற்கென்றே ஒரு சட்டம் போட வேண்டி வந்தது. பழைய பள்ளிக் கட்டடத்தை ஹாலாக வைத்திருக்கும் பங்கு எதுவானாலும், விற்கும் முன் அந்த 19-ஆம் நூற்றாண்டுப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது.

இரண்டாவது காரணம், கோடு மறுபடி நகர்ந்தது. 1830-களின் ஆக்ஸ்ஃபோர்டு இயக்கமும் 1839-இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் கேம்டன் சங்கமும் தேவாலயத்தை மீண்டும் இடைக்காலப் புனிதத்தோடு பார்க்கச் சொல்லின. (இடைக்காலத்தில் அங்கே பீர் விற்றதை அவர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள்.) பழைய பெட்டிப் பெஞ்சுகளைப் பிடுங்கினார்கள், மேற்கு மாடத்தில் பிடிலும் புல்லாங்குழலும் வாசித்த ஊர்க்காரர்களை இறக்கிவிட்டு ஆர்கன் வைத்தார்கள், பீடத்தை உயர்த்தினார்கள். கட்டடம் அழகானது, புனிதமானது. கூட்டம் போட இன்னும் ஆகாததானது.

மூன்றாவது, சங்கங்கள். 1875-இல் பெண்களின் நட்புச் சங்கம், 1876-இல் மேரி சம்னர் தொடங்கிய மதர்ஸ் யூனியன், 1891-இல் பையன்களுக்கான சர்ச் லாட்ஸ் பிரிகேட், 1908-இலிருந்து சாரணர். இவற்றோடு மதுவிலக்கு இயக்கமும் சேர்ந்துகொண்டது. வேலை முடிந்து வரும் ஆண்களை மதுக்கடையிலிருந்து பிரிக்க வேண்டுமானால் அவர்களுக்கு வேறொரு சூடான அறை வேண்டும். அங்கே செய்தித்தாள், காபி, பில்லியர்ட்ஸ் மேசை. பீருக்காகப் பிறந்த கட்டட வகை இப்போது பீருக்கு எதிராகக் கட்டப்பட்டது. சில பத்திரங்களில் ‘இந்த வளாகத்தில் மது கூடாது’ என்றே எழுதியிருக்கும். மெத்தடிஸ்ட் சபைகளின் ஹால்களில் அந்த மரபு இன்றும் உறுதி. ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின், ஹால்களில் பொதுவாகத் தளர்ந்துவிட்டது.

பணம்? 1868-இல் கட்டாயக் கோயில் வரி ஒழிந்தது. அதன்பின் எல்லாமே மனமுவந்து கொடுப்பதுதான். பஜார், கைவேலை விற்பனை, கச்சேரி, ஒரு செங்கல் வாங்கித்தாருங்கள் என்ற வசூல். ஹால் எழுந்ததும் அதே பஜாருக்கு ஹாலே இடமானது. கல்கட்டடத்துக்கு வக்கில்லாத பங்குகள் நெளிதகடு வாங்கின. நெளிதகட்டுக்கு 1829-இல் காப்புரிமை பெறப்பட்டது. துத்தநாகம் பூசித் துருவைத் தடுக்கும் முறை வந்ததும் கட்டடமே பார்சலில் வரத் தொடங்கியது. நாரிச் நகரின் போல்ட்டன் அண்டு பால் போன்ற நிறுவனங்கள் பட்டியல் அச்சிட்டு தகரக் கோயில்களையும் தகர ஹால்களையும் விற்றன. தற்காலிகம் என்று சொல்லி நிறுத்தியவற்றில் சில நூறு வருடம் தாண்டியும் நிற்கின்றன.

1894-இல் இன்னொரு பிரிவினை. உள்ளாட்சிச் சட்டம் பங்கின் ஊர் நிர்வாகத்தைத் திருச்சபையிடமிருந்து எடுத்து, தேர்ந்தெடுக்கப்பட்ட பேரிஷ் கவுன்சிலிடம் கொடுத்தது. வேறு தகுந்த இடம் இருக்கும்போது கவுன்சில் மதுக்கடையில் கூடக் கூடாது என்றும் அதில் ஒரு பிரிவு உண்டு. இந்தப் பிரிவினையால்தான் ‘பேரிஷ் ஹால்’ என்ற சொல்லில் இன்றும் குழப்பம். திருச்சபைக்குச் சொந்தமானது ஒன்று, கவுன்சிலுக்குச் சொந்தமானது ஒன்று, தனி அறக்கட்டளையின் கையில் இருக்கும் வில்லேஜ் ஹால் ஒன்று. இந்த மூன்றாவது வகை முதல் உலகப்போருக்குப் பிறகு பெருகியது. இறந்த வீரர்களின் நினைவுக்காகக் கட்டியவை பல, ராணுவம் கழித்துக்கட்டிய மரக்குடில்களை வாங்கி நிறுத்தியவை சில. வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். சாவி யாரிடம் என்று கேட்டால்தான் தெரியும்.

போர்க்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். முதல் போரில் பல ஹால்கள் செஞ்சிலுவைத் துணை மருத்துவமனைகளாயின. இரண்டாவதில், 1939 செப்டம்பர் 1 முதல் நகரங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட பிள்ளைகள் கழுத்தில் பெயர்ச்சீட்டோடு வந்து இறங்கி, எந்த வீட்டுக்குப் போவது என்று காத்திருந்தது பெரும்பாலும் இத்தகைய ஹால்களில்தான். குண்டுவீச்சில் வீடிழந்தவர்கள் படுத்ததும், மலிவுச் சாப்பாட்டுக்கான ‘பிரிட்டிஷ் ரெஸ்டாரன்ட்’ பல நடந்ததும் அங்கேயே. பர்ஸ்லெம் ஊரில் செய்த வெளிர்பச்சை நிற ‘பெரில்’ கோப்பைகள் அந்தக் காலத்து மிச்சம். ஹாலின் சமையலறை அலமாரியை இன்று திறந்தாலும் நாலைந்து உருண்டு வரும்.

1957 ஜூலை 6, மாலை

சர்ச் ஹாலுக்கு உலக வரலாற்றில் ஓர் இடம் கிடைத்தது லிவர்பூலின் வூல்ட்டனில். செயின்ட் பீட்டர்ஸ் பங்கின் தோட்டத் திருவிழா. ரோஜா அரசி ஊர்வலம், கடைகள், பிற்பகலில் மைதானத்தில் உள்ளூர்ப் பையன்களின் ‘குவாரிமென்’ இசைக்குழு. இரவு, சாலைக்கு எதிரே உள்ள ஹாலில் நடனம். அதற்கு மேடை தயாராகிக்கொண்டிருந்த இடைவேளையில், ஐவன் வான் என்ற பொது நண்பர், அந்தக் குழுவின் 16 வயது ஜான் லெனனுக்கு 15 வயது பால் மெக்கார்ட்னியை அறிமுகப்படுத்திவைத்தார். பின்னாளில் பீட்டில்ஸ் இசைக்குழுவாக உலகைக் கலக்கியவர்கள் இவர்கள்தான். பால் கிட்டாரை வாங்கி வாசித்துக் காட்டினார். அந்த மேடை இப்போது லிவர்பூல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதை அதிசயம் என்று எழுதுவார்கள். எனக்கென்னவோ இது அந்தக் கட்டட வகையின் இயல்பான விளைவு போலத்தான் படுகிறது. பதினாறு வயதுப் பையன்கள் கூச்சல் போட்டு வாசிக்க, குறைந்த வாடகையில், மேடையும் மின்சாரமும் உள்ள அறை வேறெங்கே கிடைக்கும்? 1966 இலையுதிர்காலத்தில் பிங்க் ஃப்ளாய்டு ராக் இசைக்குழு லண்டன் நாட்டிங் ஹில்லில் ஆல் செயின்ட்ஸ் சர்ச் ஹாலில்தான் ஒளிக்காட்சிகளோடு வாசித்துப் பழகியது.

குழந்தைகள் பக்கம் வந்தால், 1961-இல் பெல் டுட்டாயெவ் என்ற லண்டன் தாய், அரசு மழலையர் பள்ளிகள் போதாததைச் சொல்லி ‘கார்டியன்’ நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். தாய்மார்களே குழு சேர்ந்து விளையாட்டுப்பள்ளி நடத்தும் இயக்கம் அதிலிருந்து கிளம்பியது. அதற்குக் கிடைத்த இடம், வேறென்ன, சர்ச் ஹால். இவற்றுக்கு ‘பேக்-அவே’ என்று ஒரு வேடிக்கையான தொழில்முறைப் பெயர் உண்டு. காலையில் அலமாரியிலிருந்து எல்லாப் பொம்மைகளையும் எடுத்துப் பரப்பி, மதியம் கடைசி மணல்பெட்டி வரை திரும்ப அடுக்கிவிட வேண்டும், மாலையில் கராத்தே வகுப்பு. ஹால் குழுக்களின் கூட்டக் குறிப்புகளைப் புரட்டினால், இறையியல் விவாதத்தைவிட அலமாரி யாருக்கு என்ற விவாதம்தான் அதிகம் கண்ணில் படும்.

புலம்பெயர்ந்த தமிழர்களுக்கும் இந்த ஹால்கள் அந்நியமல்ல. வார இறுதித் தமிழ் வகுப்பு, பரதநாட்டியப் பயிற்சி, முதல் பிறந்தநாள், ஊர்ச் சங்கக் கூட்டம் என்று சொந்த இடம் வாங்குமுன் பலரும் தொடங்கியது இங்கேதான். மிருதங்கத்தை வைத்துவிட்டுப் போகலாமா என்று கேட்டு, அதே அலமாரிச் சண்டையில் அவர்களும் இறங்கியிருப்பார்கள்.

யார் கையில், எந்த விதியில்

இங்கிலாந்துத் திருச்சபையில் ஹாலை நடத்துவது பங்குப் பேரவை. 1921-இல் சட்டத் தகுதி பெற்ற இந்தப் பேரவைக்கு நிலத்தைத் தன் பெயரிலேயே வைத்திருக்க முடியாது. 1956-ஆம் ஆண்டு விதிப்படி சொத்து மறைமாவட்ட நிதி வாரியம் போன்ற மேல் அமைப்பின் பெயரில் காப்பாக இருக்கும். வாடகை வாங்குவது, வண்ணம் பூசுவது, காப்பீடு கட்டுவது எல்லாம் பேரவையின் தலையில். விற்கவோ நீண்ட குத்தகைக்கு விடவோ மேலிடத்து ஒப்புதல் வேண்டும். ஹால் புனிதப்படுத்தப்படாத நிலத்தில் நின்றால், கோயிலுக்குள் ஓர் ஆணி அடிக்கக்கூட வேண்டியிருக்கும் திருச்சபை அனுமதி அதற்குப் பெரும்பாலும் தேவைப்படாது. ஹாலின் பெரிய வசதியே அதுதான்.

வாடகைக்கு எடுப்பவருக்குச் சில நடைமுறைகள் தெரிந்திருக்க வேண்டும். விருந்தில் மது விற்பதாக இருந்தால், ஹாலுக்கு நிரந்தர உரிமம் இல்லாதபட்சத்தில், 2003 உரிமச் சட்டத்தின்படி உள்ளூராட்சிக்குத் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு கொடுக்க வேண்டும். கட்டணம் 21 பவுண்டு, ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் கூடாது. நாலு நூற்றாண்டுக்கு முன் நீதிபதியையும் ஆர்ச்பிஷப்பையும் மோதவிட்ட விவகாரம் இப்போது ஒரு படிவத்தில் முடிந்துவிடுகிறது.

கோடு மட்டும் அழியவில்லை. யோகா வகுப்புக்கு இடம் தர மறுத்த பங்குகள் அவ்வப்போது செய்தியாகின்றன. மூச்சுப் பயிற்சி சரி, வேற்றுச் சமய வழிபாடு ஆகாது, யோகா இதில் எந்தப் பக்கம் என்பது குருவானவருக்குக் குருவானவர் மாறுகிறது. 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் சமய அமைப்புகளுக்குத் தங்கள் இடத்தை யார் பயன்படுத்தலாம் என்பதில் குறிப்பிட்ட சில விலக்குகளைத் தருகிறது, லாபத்துக்காகவே நடக்கும் நிறுவனங்களுக்கு அது கிடையாது. தேர்தல் நாளில் மட்டும் எந்தச் சண்டையும் இல்லை. வாக்குச்சாவடியாக மாறாத சர்ச் ஹால் உள்ள ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வாசலில் கட்டிப்போட்ட நாய்களின் படங்கள் அன்றைக்கு இணையமெங்கும் ஓடும்.

இந்த நூற்றாண்டில் பட்டியலில் வேறு வகைப் பெயர்கள் ஏறியிருக்கின்றன. 2000-இல் சால்ஸ்பரியில் தன் முதல் உணவு வங்கியைத் தொடங்கிய ட்ரஸல் அமைப்பின் வலைப்பின்னல், பெருமளவு தேவாலயங்களையும் அவற்றின் ஹால்களையும் நம்பியே விரிந்தது. எரிசக்தி விலை எகிறிய 2022 குளிர்காலத்தில், வீட்டில் ஹீட்டர் போட முடியாதவர்கள் வந்து உட்காரும் ‘சூடான இடம்’ என்ற பலகையைப் பல ஹால்கள் மாட்டின. ஆப்ரியின் தாத்தா காலத்தில் ஏழைக்கான பொறுப்பை சர்ச் ஹவுஸ் தாங்கியது. நடுவில் அது வரிக்குப் போனது, அரசுக்குப் போனது. இப்போது ஒரு பகுதி திரும்பி வந்து ஹாலின் கதவைத் தட்டுகிறது. இதைச் சமூகத்தின் பெருந்தன்மை என்று கொண்டாடுபவர்களோடு என்னால் முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. மின்கட்டணம் கட்ட முடியாமல் திணறும் பங்கு, அதே நிலையில் உள்ளவர்களுக்குச் சூடு தருகிறது.

கூரை ஒழுகுகிறது, கொதிகலன் பழசு, ஆட்கள் குறைந்துவிட்டார்கள். கோயில், ஹால் என்று இரண்டு கட்டடங்களைப் பராமரிப்பது கட்டுப்படியாகவில்லை. பல பங்குகள் ஹாலை விற்றுவிட்டு, வந்த பணத்தில் தேவாலயத்தின் நடுக்கூடத்திலிருந்து விக்டோரியா காலப் பெஞ்சுகளை எடுத்து, தரைக்கு அடியில் சூடேற்றி, மேற்கு மூலையில் சமையலறையும் கழிப்பறையும் வைக்கின்றன. சமுதாயச் சொத்து என்று 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊர் பதிவு செய்துவைத்திருந்தால், ஹாலின் விற்பனையை ஆறு மாதம் வரை நிறுத்திவைத்து ஊரே வாங்க முயலலாம். இல்லையேல் பெரும்பாலும் அது அடுக்குவீடாகிவிடும்.

பெஞ்சை எடுக்க மறைமாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வேண்டும். மரபுச் சின்ன ஆர்வலர்கள் ஆட்சேபிப்பார்கள், விசாரணை நடக்கும். நடுக்கூடம் ஒரு காலத்தில் ஊர்க்கூடமாகத்தான் இருந்தது என்பது பங்குகள் வழக்கமாக வைக்கும் வாதம். 1603-இன் 88-ஆம் விதியில் இருந்த நாடகம், விருந்து, ஏல் என்ற நீண்ட பட்டியல் இன்றைய விதித்தொகுப்பில் இல்லை. இடத்தின் புனிதத்துக்குப் பொருந்தாத உலகியல் கூட்டங்களை வார்டன்கள் அனுமதிக்கக் கூடாது என்று மட்டும் இருக்கிறது. எது பொருந்தாது என்பதை அந்தந்த ஊர் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். காபிக் காலை பொருந்துகிறது. முதியோர் சாப்பாடு பொருந்துகிறது. உணவு வங்கி, கச்சேரி, வாக்குச்சாவடி, சில ஊர்களில் தபால் நிலையம்கூடப் பொருந்திவிட்டது.

பேட்மிண்டன்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். அவர்களை யாரும் ஆகாது என்று சொல்லவில்லை. நடுக்கூடத்தில் தூண்கள் இருக்கின்றன.